சந்திரா காப்பகத்தில் மங்கலான எக்ஸ் கதிர்த் திடீர் ஒளிர்வுகளைத் தேடும் முறை

சிங்கப்பூரில் வானியலுக்கு முதல் எதிரி மேகம், இரண்டாவது எதிரி விளக்கு வெளிச்சம். எக்ஸ் கதிர் வானியலில் இரண்டுக்கும் வேலையில்லை. வானிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களைக் காற்று மண்டலம் முழுவதுமாக விழுங்கிவிடுகிறது. எனவே பூமியில் எந்த மலையுச்சியில் இருப்பவருக்கும் நேரடிப் பார்வை கிடையாது. எல்லாருக்கும் செயற்கைக்கோள் அனுப்பிய அதே கோப்புதான். தெம்பனிஸ் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மடிக்கணினியுடன் உட்கார்ந்திருப்பவர் அந்தக் கோப்பில் புதிதாக ஒன்றைக் கண்டெடுக்க முடியும். நாசாவின் சந்திரா எக்ஸ் கதிர் விண்தொலைநோக்கியின் பொதுத் தரவுக் காப்பகத்துக்கான கீழே உள்ள வழிமுறை, ஓரளவு பைத்தான் தெரிந்த பல்கலைக்கழக, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

தேடும் பொருள் எப்படிப்பட்டது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2008 ஜனவரி 9ஆம் தேதி, என்ஜிசி 2770 என்ற விண்மீன் மண்டலத்தில் ஏற்கெனவே வெடித்திருந்த வேறொரு சூப்பர்நோவாவை ஸ்விஃப்ட் தொலைநோக்கி பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் சில நிமிடங்கள் ஓர் எக்ஸ் கதிர் வீச்சு எழுந்து அடங்கியது. அது சூப்பர்நோவா 2008டி பிறந்த கணம். 2014 அக்டோபர் 1ஆம் தேதி, சந்திரா தென் ஆழ்புலத்தில் (சந்திரா மிக நீண்ட நேரம் பார்த்த தென் வானச் சிறுபகுதி) வேறொன்று தோன்றியது: சுமார் 100 விநாடியில் எழுந்து, பிறகு மெல்லத் தேய்ந்த ஒளிர்வு. மொத்தம் கிடைத்தவை ஏறத்தாழ 115 போட்டான்கள். அதே புலத்தில் 2015 மார்ச்சில் நிகழ்ந்த இரண்டாவது ஒளிர்வு பற்றிய ஆய்வு 2019இல்தான் வெளிவந்தது. சுமார் 2000 விநாடி சமமாக ஒளிர்ந்து பின் சட்டென்று சரிந்த அதை, இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிப் பிறந்த காந்த விண்மீனாக இருக்கலாம் என்று விளக்கினார்கள். வரவை எண்ணும் இந்தத் துறையில் 115 என்பது செல்வச்செழிப்பு. நீங்கள் பெரும்பாலும் 10 முதல் 40 போட்டான்களோடு மல்லுக்கட்டுவீர்கள். அவ்வளவு குறைவான எண்ணிக்கையில், ஒன்றைக் கண்டெடுப்பது வேலையில் கால்பங்கு. அது கருவியின் பொய்யல்ல என்று நிறுவுவது மீதி முக்கால்பங்கு.

கணினியும் மென்பொருளும்

சந்திரா தரவுக்கு சியாவோ என்ற இலவச மென்பொருள் தொகுப்பு வேண்டும். கோண்டா வழியாக நிறுவுவது எளிது. லினக்ஸிலும் மேக்கிலும் நேரடியாக ஓடும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அதனுள் லினக்ஸ் துணை அமைப்பை நிறுவிக்கொள்ள வேண்டும். அளவுத்திருத்தத் தரவுத்தளத்தையும் சேர்த்து 20 ஜிபி இடம் ஒதுக்குங்கள். படத்தைப் பார்க்க டிஎஸ்9, கணக்குக்கு ஆஸ்ட்ரோபை, நிறமாலைக்கு சியாவோவோடு வரும் ஷெர்ப்பா. 8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி ஒரு நோக்கலுக்குப் போதும்.

நூற்றுக்கணக்கான நோக்கல்களை ஓட்ட நினைத்தால் கதை வேறு. பல்கலைக்கழகம் வழியாகத் தேசிய மீத்திறன் கணினி மையத்தின் ஆஸ்பயர் 2ஏ கணினியில் இடம் கிடைக்கலாம். ஒவ்வொரு நோக்கலும் தனித்தனி வேலை என்பதால் ஒரே நேரத்தில் பலவற்றை ஓட்டலாம். அங்கே பலரும் விழும் குழி ஒன்று உண்டு. சியாவோ தன் அமைப்பு மதிப்புகளை முகப்பு அடைவில் ஒரே இடத்தில் எழுதிவைக்கும். இரண்டு வேலைகள் ஒன்றாக ஓடினால் ஒன்றின் மதிப்பை மற்றொன்று மேலெழுதிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது; தவறான கோப்புப் பெயருடன் முடிவு மட்டும் வரும். ஒவ்வொரு வேலைக்கும் தனி அளவுருக் கோப்பு அடைவும் தனித் தற்காலிக அடைவும் கொடுத்துவிடுங்கள்.

எந்த நோக்கலை எடுப்பது

சந்திராவின் ஏசிஸ் என்ற படக்கருவியில், நிறமாலை பிரிக்கும் கீற்றணி செருகாமல், 8 கிலோவிநாடிக்கு (8000 விநாடி) மேல் பார்த்த நோக்கல்கள் நல்ல தொடக்கம். பால்வெளித் தளத்திலிருந்து 10 பாகைக்கு மேல் விலகியவற்றை எடுங்கள். தளத்துக்கு அருகில் போனால் ஒளிர்வு வீசும் குறுமீன்களும் இரட்டை விண்மீன்களும் கூட்டம் கூட்டமாக வரும். புதியவர் அதில் மூழ்கிப்போவார். பிரகாசமான விண்மீன் மண்டலக் கொத்துகளையும் தொடக்கத்தில் தவிருங்கள், அவற்றின் பரவலான ஒளி பின்னணியை ஏற்றிவிடும். சேகரித்த உடனே தரவு பொதுவுக்கு வராது. முன்மொழிந்தவருக்கென ஒரு காலம் ஒதுக்கப்பட்டிருக்கும். அது முடிந்ததை எல்லாம் 'டவுன்லோட் சந்திரா ஆப்ஸ்ஐடி' கட்டளை எண்ணைக் கொடுத்தால் இறக்கித் தரும்.

முதல் பயிற்சிக்குப் புதிய வானத்தை எடுக்காதீர்கள். நோக்கல் எண் 16454ஐ இறக்குங்கள். மேலே சொன்ன 2014 ஒளிர்வு அதற்குள் இருக்கிறது: வல ஏற்றம் 53.1616 பாகை, நடுவரை விலக்கம் −27.8594 பாகை. நீங்கள் எழுதும் நிரல் இந்த இடத்தை உங்கள் உதவியின்றித் தானே கண்டுபிடிக்க வேண்டும். அடுத்து 16453; 2015 ஒளிர்வு அங்கே. முதலாவது கூர்மையாக எழுவது, இரண்டாவது சமதளமாக நிற்பது. ஒன்றைப் பிடித்து மற்றதை விடும் நிரல் ஒரே வடிவத்துக்கு மட்டும் பழகியிருக்கிறது என்று பொருள்.

மறுசெயலாக்கம்

காப்பகத்தில் இருக்கும் இரண்டாம் நிலைக் கோப்பை அப்படியே பயன்படுத்தாமல் 'சந்திரா ரீப்ரோ' ஓட்டி இன்றைய அளவுத்திருத்தத்துக்குக் கொண்டுவாருங்கள். பழைய செயலாக்கத்தில் காஸ்மிக் கதிர் எச்சங்களைக் கழிக்கும் முறை முரட்டுத்தனமானது. அது நிஜ மூலத்தின் (எக்ஸ் கதிர் வீசும் விண்பொருளின்) சில விழுக்காட்டுப் போட்டான்களையும் சேர்த்துத் தள்ளியது. 15 போட்டான் உள்ள மூலத்தில் ஒன்று போனாலும் கணக்கு மாறும். நோக்கல் 'வெரி ஃபெயின்ட்' முறையில் எடுக்கப்பட்டிருந்தால் அதற்கான கூடுதல் பின்னணிச் சுத்திகரிப்பை இயக்குங்கள். அம்முறையில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் (கருவியில் பதிவான மோதலுக்கும்) 5க்கு 5 பிக்சல் சதுரம் பதிவாகியிருப்பதால், ஓரத்தில் மின்னூட்டம் கசிந்த துகள் நிகழ்வுகளை அடையாளம் காண முடியும்.

ஆற்றல் வடிகட்டி 0.5 முதல் 7 கேஇவி (கிலோ எலக்ட்ரான் வோல்ட்) வரை. அதற்கு மேலே போனால் துகள் பின்னணி ஏறுகிறது, ஆடியின் திறன் இறங்குகிறது. கீழே போவதிலும் பயன் குறைவு. ஏசிஸின் ஒளித்தடுப்பு வடிகட்டி மேல் ஆண்டுக்கணக்கில் படிந்துவரும் மாசு 1 கேஇவிக்குக் கீழான உணர்திறனைத் தின்றுகொண்டே வருகிறது. 2001ஆம் ஆண்டு நோக்கலில் பிரகாசமாகத் தெரிந்திருக்கும் மென்மையான மூலம் அண்மை ஆண்டு நோக்கலில் தெரியாமலே போகலாம். கருந்துளை கிழித்த விண்மீன் போன்ற மென்னொளி மூலங்களைத் தேடுபவர்கள் ஐரோப்பிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியான எக்ஸ்எம்எம் நியூட்டன் தரவுக்குப் போவதே மேல் என்பது எங்கள் கருத்து.

அடுத்தது பின்னணி வெடிப்புகளைக் களைதல். மூலங்களை எல்லாம் மறைத்துவிட்டு, சில்லு (ஏசிஸின் சிசிடி உணரி) முழுவதற்கும் 259.28 விநாடிக் கட்டங்களில் ஒளி வளைவு (நேரத்துக்கு நேர் எண்ணிக்கை) வரையுங்கள். அந்த விசித்திரமான எண்ணுக்குக் காரணம் உண்டு: ஏசிஸின் ஒரு சட்டகம் (ஒருமுறை பதிந்து வாசிக்கும் நேரம்) 3.24 விநாடி, கட்டம் அதன் 80 மடங்கு. சட்டகத்தின் முழு மடங்காக இல்லாத கட்ட அளவு, இல்லாத ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும். சராசரியிலிருந்து 3 சிக்மா விலகும் கட்டங்களைக் குறித்துவையுங்கள்.

குறித்துவையுங்கள் என்றுதான் சொல்கிறோம், வெட்டுங்கள் என்று சொல்லவில்லை. மூலத்தை மறைக்காமல் வடிகட்டினால், பிரகாசமான ஒரு திடீர் ஒளிர்வே சில்லின் சராசரியை உயர்த்தி, "பின்னணி வெடிப்பு" என்ற பெயரில் தன்னைத் தானே நீக்கிக்கொள்ளும். தேடிய பொருள் முதல் படியிலேயே குப்பைக்குப் போய்விடும்; யாருக்கும் தெரியவும் தெரியாது. ஆகவே எல்லா நேரத்தையும் வைத்துக்கொண்டே தேடுங்கள். கிடைத்த ஒளிர்வு குறிக்கப்பட்ட நேரத்துக்குள் விழுந்தால், அதைச் சுற்றியுள்ள வளையத்திலும் அதே ஏற்றம் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னணி வெடிப்பு சில்லு முழுக்கப் பரவும். மூலம் தன் இடத்தை விட்டு நகராது.

நேரத்தை வெட்டித் தேடுதல்

50 கிலோவிநாடி நோக்கல் முழுவதையும் ஒரே படமாக்கி மூலம் தேடினால், 300 விநாடி மட்டும் இருந்த 8 போட்டான் ஒளிர்வு பின்னணிக்குள் கரைந்துவிடும், குறிப்பாகப் புலத்தின் ஓரத்தில். மைய அச்சில் ஒரு புள்ளி மூலத்தின் 90 விழுக்காடு ஒளி ஏறத்தாழ 1 வில்விநாடி (பாகையில் 3600இல் ஒரு பங்கு) ஆரத்துக்குள் அடங்கும். 10 வில்நிமிடம் தள்ளிப்போனால் அதே ஒளி பத்து வில்விநாடியை ஒட்டிய ஆரத்துக்குப் பரவுகிறது. பரப்பு நூறு மடங்கு என்றால் பின்னணியும் நூறு மடங்கு.

எனவே இரண்டு சுற்றாகத் தேடுங்கள். முதல் சுற்று முழு நோக்கல் படத்தில். இரண்டாவது சுற்று 20 கிலோவிநாடித் துண்டுகளில். துண்டுகள் பாதிக்குப் பாதி மேற்படிய வேண்டும், இல்லாவிட்டால் எல்லையில் விழும் ஒளிர்வு இரண்டாகப் பிளந்து இரண்டிலும் தோற்கும். நேரமும் கணினித் திறனும் இருந்தால் 5 கிலோவிநாடித் துண்டுகளிலும் ஒரு சுற்று ஓட்டுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் 'ஃப்ளக்ஸ் இமேஜ்' கொண்டு படமும், 'எம்கே பிஎஸ்எஃப் மேப்' கொண்டு ஒளிப்பரவல் வரைபடமும் செய்து, மூலம் தேடும் 'வேவ் டிடெக்ட்' ஓட்டலாம். அளவுகள் 1, 2, 4, 8, 16 பிக்சல். ஏற்பு வரம்பு 10⁻⁶ என்றால் பத்து லட்சம் பிக்சலுக்கு ஒரு பொய்மூலம் என்று எதிர்பார்க்கலாம். இங்கே தாராளமாக இருங்கள். பொய்களை விரட்டப் பின்னால் வழி இருக்கிறது, தவறவிட்டதைத் திரும்பப் பெற வழி இல்லை.

கிடைத்த ஒவ்வோர் இடத்துக்கும் 90 விழுக்காட்டு ஆரத்தில் ஒரு வட்டம், அதைச் சுற்றி வேறு மூலம் இல்லாத வளையம். வட்டத்துக்குள் விழுந்த ஒவ்வொரு போட்டானின் வருகை நேரத்தையும் பட்டியலிடுங்கள். ஒளி வளைவைக் கட்டங்களாக்கிப் பார்ப்பது கண்ணுக்கு. சோதனையைக் கட்டமாக்காத நேரப் பட்டியலில் செய்யுங்கள்.

எண்ணிக்கையின் மொழி

எளிதான சோதனை, நோக்கலை நடுவில் வெட்டி முன்பாதி எண்ணிக்கையையும் பின்பாதி எண்ணிக்கையையும் ஒப்பிடுவது. நன்மை, வேகம். தீமை, வலுவின்மை. 12 போட்டான்களில் 11 ஒரு பாதியிலும் 1 மறுபாதியிலும் விழுந்தால், மாறாத மூலத்தில் அப்படியோ அதைவிடச் சாய்வாகவோ விழ வாய்ப்பு 4096இல் 26, அதாவது 0.6 விழுக்காடு. ஆயிரம் மூலங்களைச் சோதித்தால் இப்படி ஆறேழு தாமாகவே வரும். அதே 12 போட்டான்களும் 50 கிலோவிநாடிக்குள் ஒரே 500 விநாடிக் கட்டத்தில் விழுந்திருந்தால் வாய்ப்பு 10⁻²². போட்டான் எண்ணிக்கை மாறவில்லை. கடிகாரத்தைக் கேட்ட விதம் மாறியது. இருபாதிச் சோதனையை முதல் சல்லடையாக மட்டும் வையுங்கள். ஒளிர்வு நடுக்கோட்டின் மேலேயே உட்கார்ந்தால் இருபாதியும் சமமாகிவிடும் என்பதால், நடுப்பாதியை இரண்டு ஓரக் கால்பங்குகளின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடும் சோதனையையும் சேர்த்து ஓட்டுங்கள். தப்பியவற்றுக்கு 'ஜிஎல் வேரி' இருக்கிறது. அது நேரத்தைப் பலவிதமாக வெட்டி, மாற்றம் உண்டா என்று நிகழ்தகவு சொல்லும்.

நேரக்கட்டச் சோதனைக்குப் பாய்சான் நிகழ்தகவு போதும். ஓரத்தில் உள்ள ஒரு வட்டத்தில் 500 விநாடிக்கு 0.3 பின்னணி எதிர்பார்க்கப்படுகிறது என்று வையுங்கள். அங்கே 5 அல்லது அதற்கு மேல் வர வாய்ப்பு 1.6 × 10⁻⁵. மிக அரிது என்று தோன்றும். ஆனால் ஒரு நோக்கலில் 100 இடங்கள், ஒவ்வொன்றிலும் 100 கட்டங்கள் என்றால் 10,000 முறை சீட்டு எடுக்கிறீர்கள். 1000 நோக்கல்களுக்கு ஒரு கோடி முறை. எதிர்பார்க்கும் பொய்கள் 158. அதே பின்னணியில் 8 போட்டான் வர வாய்ப்பு 1.2 × 10⁻⁹. ஒரு கோடி முயற்சிக்கு எதிர்பார்க்கும் பொய் 0.012. ஐந்துக்கும் எட்டுக்கும் இடையில் இருக்கும் வேறுபாடு இதுதான். கட்டங்களை மேற்படியச் செய்தால், கட்ட அகலத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தால், முயற்சி எண்ணிக்கை இன்னும் கூடும். எத்தனை முறை பார்த்தீர்கள் என்பதை நிரலே எண்ணிப் பதிவுசெய்யட்டும். மனிதர்கள் தமக்குச் சாதகமாகவே மறப்பார்கள்.

பூஜ்ஜியத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒளிர்வுக்கு முன் ஒரு போட்டானும் வரவில்லை என்றால் "அங்கே ஒன்றும் இல்லை" என்று எழுதக்கூடாது. 95 விழுக்காட்டு உறுதியில் மேல்வரம்பு 3 போட்டான் என்றுதான் எழுத முடியும்.

கருவியின் பொய்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

முதல் குற்றவாளி காஸ்மிக் கதிரின் எச்சம். ஒரு கனத்த துகள் சில்லில் மோதினால் பெரும் மின்னூட்டம் சிக்கிக்கொண்டு, அடுத்தடுத்த சட்டகங்களில் சிறிது சிறிதாகக் கசியும். கோப்பில் அது பத்திருபது விநாடிகளில் ஐந்தாறு போட்டான் வந்த அழகான குறு ஒளிர்வாகத் தெரியும். மறுசெயலாக்கம் பெரியவற்றை நீக்கிவிடும், சில நிகழ்வுகள் மட்டுமே கொண்ட குட்டிகள் தப்பிவிடும். பிடிக்கும் வழி நிகழ்வுக் கோப்பிலேயே இருக்கிறது. சட்டக எண், சில்லு ஆயங்கள் (சில்லில் விழுந்த இடம்), ஆற்றல் ஆகிய பத்திகளை அச்சிட்டுப் பாருங்கள். எச்சம் என்றால் எல்லா நிகழ்வுகளும் சில்லில் ஒரே பிக்சலில் இருக்கும். அடுத்தடுத்த சட்டகங்களில் வரும். ஆற்றல் பெரும்பாலும் இறங்கிக்கொண்டே போகும்.

நிஜ மூலத்தால் அப்படி இருக்க முடியாது. சந்திரா ஒரே திசையில் உறைந்து நிற்பதில்லை. ஏசிஸ் நோக்கலில் இரு அச்சுகளிலும் 8 வில்விநாடி வீச்சுடன், ஓர் அச்சில் 1000 விநாடிக்கு ஒருமுறை, மற்றதில் 707 விநாடிக்கு ஒருமுறை அசைந்துகொண்டே இருக்கும். அதிக வேகத்தில் போகும்போது 0.492 வில்விநாடிப் பிக்சல் ஒன்றைக் கடக்க 7 முதல் 10 விநாடி ஆகிறது. ஆக 100 விநாடி நீடித்த நிஜ ஒளிர்வு வானத்தில் ஒரே புள்ளியில் இருக்கும், சில்லில் பல பிக்சல்களைக் கோடாக மிதித்துச் சென்றிருக்கும். வான ஆயத்தில் குவியல், சில்லு ஆயத்தில் கோடு என்றால் நம்பலாம். சில்லு ஆயத்தில் புள்ளி என்றால் தூக்கி எறியுங்கள். 15 விநாடிக்குள் முடிந்துவிடும் ஒளிர்வுகளுக்கு இந்தச் சோதனை தெளிவான விடை தராது. எங்கள் கருத்தில் அவற்றை வேறு சான்று இல்லாமல் வெளியிடுவது அவசரம்.

அதே அசைவு இரண்டாவது பொய்யையும் உண்டாக்குகிறது. சில்லின் ஓரத்திலோ பழுதான நெடுவரிசை அருகிலோ இருக்கும் மாறாத மூலம், அசைவினால் உள்ளே வெளியே போய்வரும். ஒளி வளைவில் 1000 அல்லது 707 விநாடிக்கு ஒருமுறை எழும் முகடுகள் கண்டால் உடனே சந்தேகப்படுங்கள். 'டிதர் ரீஜன்' கருவி, ஒவ்வொரு கணமும் உங்கள் வட்டத்தின் எத்தனை பங்கு சில்லின் மேல் இருந்தது என்று தரும். அதை எண்ணிக்கையோடு பக்கத்தில் வரைந்தாலே பெரும்பாலான சிக்கல் தீர்ந்துவிடும்.

மற்றவை சிறியவை. பிரகாசமான மூலம் சில்லிலிருந்து வாசிக்கப்படும்போது நெடுக்காக இடும் கோட்டின் மேல் உங்கள் மூலம் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாப் போட்டான்களும் குறுகிய ஓர் ஆற்றலில் குவிந்திருந்தால் பிக்சல் பழுதைச் சந்தேகியுங்கள். வட்டத்துக்குள் போட்டான்கள் பரவியிருக்கும் விதம் அந்த இடத்து ஒளிப்பரவலோடு பொருந்த வேண்டும். ஓரப் புலத்தில் எல்லாம் ஒரு பிக்சலில் குவிந்தால் அது ஆடி வழியாக வந்த ஒளியே அல்ல.

விண்மீனா, தொலைதூர வெடிப்பா

கருவிச் சோதனையில் தேறியவற்றிலும் பெரும்பான்மை நம் பால்வெளியின் செங்குறுமீன்கள். அவை வேகமாக எழுந்து மெதுவாகத் தேயும் ஒளிர்வை வீசும், அதாவது நீங்கள் தேடும் வடிவத்தையே. பாய்வு (நம்மை வந்தடையும் ஒளியாற்றல்) அளவு உதவாது. சதுர செண்டிமீட்டருக்கு விநாடிக்கு 10⁻¹³ எர்க் என்ற பாய்வு 100 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) தொலைவில் இருந்து வந்தால் விநாடிக்கு 1.2 × 10²⁹ எர்க். குறுமீனின் சாதாரண ஒளிர்வு. அதே பாய்வு 100 கோடி பார்செக்கிலிருந்து என்றால் 1.2 × 10⁴³ எர்க். தொலைவு தெரியாமல் எதுவும் சொல்ல இயலாது.

ஐரோப்பிய விண்கலமான கையாவின் விண்மீன் அட்டவணையில் தேடுங்கள், ஆனால் அப்படியே அல்ல. கையா மூன்றாம் வெளியீட்டின் இடங்கள் 2016ஆம் ஆண்டுக்கானவை. ஆண்டுக்கு 0.2 வில்விநாடி நகரும் பக்கத்துக் குறுமீன் ஒன்று, 2001ஆம் ஆண்டு சந்திரா நோக்கலின்போது 3 வில்விநாடி தள்ளி இருந்திருக்கும். 1 வில்விநாடி ஆரத்தில் தேடிவிட்டு "ஒளியியல் இணை இல்லை" என்று முடிவுகட்டினால், விண்மீன் ஒன்றைப் பிரபஞ்சத்தின் எல்லைக்கு அனுப்பிவிடுவீர்கள். இயக்கத்தை நோக்கல் ஆண்டுக்குப் பின்னோக்கி நகர்த்திய பிறகே பொருத்துங்கள்.

பிறகு பான்ஸ்டார்ஸ், லெகசி சர்வே ஆகிய ஒளியியல் வான் ஆய்வுகளின் படங்கள், அடுத்து அகச்சிவப்பு. மங்கலான குறுமீன்கள் சிவப்பு நிறத்தில்கூடத் தெரியாமல் அகச்சிவப்பில் மட்டும் தெரியும், எனவே ஒளியியல் படத்தில் வெறுமை என்பது சான்றாகாது. எக்ஸ் கதிர்ப் பாய்வுக்கும் ஒளியியல் பாய்வுக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிடுங்கள். குறுமீன்களில் அமைதிக் காலத்தில் அது பத்தில் ஒன்றுக்கும் கீழே. ஒளிர்வின்போது ஒன்றை எட்டலாம். நூறு, ஆயிரம் என்று போனால்தான் விண்மீன் சாத்தியம் விலகும். பக்கத்தில் ஒரு விண்மீன் மண்டலம் தெரிந்தால் மகிழ்ச்சிதான், ஆனால் ஆழமான படத்தில் எந்த இடத்துக்குப் பக்கத்திலும் ஏதோ ஒரு மண்டலம் இருக்கும். தற்செயல் பொருத்த வாய்ப்பைக் கணக்கிடாமல் புரவலர் (ஒளிர்வு நிகழ்ந்த மண்டலம்) என்று பெயர் சூட்டாதீர்கள்.

அதே இடத்தை மற்றத் தொலைநோக்கிகள் பார்த்த நாட்களையும் தேடுங்கள். பத்தாண்டு முன்பும் அங்கே எக்ஸ் கதிர் இருந்தால் அது மாறும் மூலம், திடீர் மூலம் அல்ல. எக்ஸ்எம்எம், ஸ்விஃப்ட், இரோசிட்டா மூன்றின் மேல்வரம்புகளையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள்.

நேரமும் பாய்வும்

சந்திரா, எக்ஸ்எம்எம் கோப்புகளின் விநாடி எண்கள் 1998 ஜனவரி 1இலிருந்து புவி நேர அளவில் எண்ணப்படுபவை. ஸ்விஃப்ட் 2001இலிருந்து எண்ணுகிறது. புவி நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் 2017 முதல் 69.184 விநாடி இடைவெளி, அதற்கு முன் ஒவ்வொரு லீப் விநாடிக்கும் ஒன்று குறைவு. காமா கதிர் வெடிப்புப் பட்டியலோடு ஒப்பிடும்போது இதைவிடப் பெரிய ஆபத்து, சூரிய மண்டல ஈர்ப்பு மையத் திருத்தம். ஒரு பக்கம் திருத்தம் செய்து மறுபக்கம் செய்யாமல் விட்டால் 8 நிமிடம்வரை பிசகும். நிஜப் பொருத்தம் போய்விடும், அல்லது பொய்ப் பொருத்தம் வந்துசேரும். குறிப்பேட்டில் சிங்கப்பூர் நேரத்தை எழுதவே எழுதாதீர்கள். எட்டு மணி நேரம் கூட்டினோமா கழித்தோமா என்ற கேள்வி பிறகு எழும்போது பதில் சொல்ல ஆள் இருக்காது.

பாய்வுக்கு 'எஸ்ஆர்சி ஃப்ளக்ஸ்' போதும். நிறமாலையை 20 போட்டானுக்கு ஒரு கட்டம் என்று சேர்த்துக் கை-வர்க்கம் பொருத்தும் பழக்கத்தை இங்கே விடுங்கள், மொத்தமே 20தான். கட்டமாக்காமல், குறைந்த எண்ணிக்கைக்கு ஏற்ற காஷ் புள்ளியியலில், பால்வெளி ஹைட்ரஜன் அளவை நிலைநிறுத்தி, அடுக்குக்குறி ஒன்றை மட்டும் பொருத்துங்கள். 12 போட்டானில் மூன்று அளவுருக்களைப் பொருத்தினால் எண்கள் வரும், பொருள் வராது.

வேறு தொலைநோக்கிகள்

எக்ஸ்எம்எம் நியூட்டனுக்குப் பரப்பு பெரிது, புலம் 30 வில்நிமிடம், அதன் பிஎன் படக்கருவியின் சட்டகம் 73 மில்லிவிநாடி. கொடுக்க வேண்டிய விலை மென்புரோட்டான் வெடிப்புகள். ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நேரத்தை அவை கெடுக்கின்றன. வழக்கமான வடிகட்டல், பிஎன்னில் 10 முதல் 12 கேஇவி ஒற்றைப்பிக்சல் நிகழ்வுகள் விநாடிக்கு 0.4ஐத் தாண்டும் நேரத்தை வெட்டும். அதன் மற்ற இரு படக்கருவிகளான மாஸ் கருவிகளில் 10 கேஇவிக்கு மேல் 0.35. நிறமாலை ஆய்வுக்கு இது சரி. திடீர் ஒளிர்வு தேடுபவர் வெட்டிய நேரத்துக்குள்ளும் உள்ளூர்ப் பின்னணியோடு தேட வேண்டும். 2018 டிசம்பரில் ஜிஎஸ்என் 069 மண்டலத்தின் மையத்தில் சுமார் 9 மணி நேரத்துக்கு ஒருமுறை எழும் மென் எக்ஸ் கதிர் வெடிப்புகள் இந்தத் தொலைநோக்கியில்தான் பிடிபட்டன.

உடனுக்குடன் நடப்பதைப் பார்க்க விரும்புபவர்களுக்கு 2024 ஜனவரி 9இல் ஏவப்பட்ட ஐன்ஸ்டைன் புரோப் என்ற எக்ஸ் கதிர் விண்கலம் இருக்கிறது. நண்டுக்கண் ஒளியியலில் ஒரே நேரத்தில் சுமார் 3600 சதுரப் பாகையை 0.5 முதல் 4 கேஇவியில் பார்க்கிறது. அதன் எச்சரிக்கைகளை வானின் திடீர் நிகழ்வுகளை அறிவிக்கும் நாசாவின் ஜிசிஎன் வலையமைப்பில் காஃப்கா என்ற தரவோடை மென்பொருள் வழியாகப் பைத்தானில் பெறலாம். அகலப்புலக் கருவி தரும் இடம் சில வில்நிமிடம் பிசகக்கூடியது. அந்த வட்டத்துக்குள் பல மண்டலங்கள் கிடக்கும். தொடர்நோக்குக் கருவியின் வில்விநாடி இடம் வரும்வரை புரவலர் தேடுவது வீண். ஒரு சின்னத் துணைச்செய்தி: இஸ்ரோவின் ஆஸ்ட்ரோசாட் 6 பாகைச் சாய்வில் சுற்றுவதால் 1.3 பாகையில் இருக்கும் சிங்கப்பூரின் உச்சியை ஒட்டி அடிக்கடி கடக்கிறது. கதிர்வீச்சு மிகுந்த தென் அட்லாண்டிக் பகுதியின் விளிம்பை மட்டும் உரசிப்போக அந்தச் சாய்வு தேர்ந்தெடுக்கப்பட்டது.

நிரலின் நேர்மை

எத்தனை கிடைத்தது என்று எழுதுமுன் எத்தனையைத் தவறவிடுகிறோம் என்று அளக்க வேண்டும். 16454இன் ஒளிர்விலிருந்து 115 போட்டான்களை எடுத்து, தற்செயலாக 10, 15, 20, 30 ஆகக் குறைத்து, வேறு நோக்கல்களின் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு நேரங்களில் செருகுங்கள். இடத்துக்கேற்ற ஒளிப்பரவலை 'மார்க்ஸ்' என்ற சந்திரா ஒப்புருவாக்க மென்பொருள் உருவாக்கித் தரும். ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் மைய அச்சிலிருந்து 2, 5, 8, 11 வில்நிமிடத்தில் தலா நூறு செருகல் போதும். நிரல் எத்தனையைத் திருப்பிக் கண்டது என்ற பட்டியல்தான் உங்கள் திறன் அட்டவணை. ஓரத்தில் அது சடாரென்று விழும். விழாவிட்டால் செருகும் நிரலில் பிழை இருக்கிறது. எதிர்ச்சோதனையும் வேண்டும்: ஒவ்வொரு மூலத்தின் வருகை நேரங்களையும் நோக்கல் முழுக்கத் தற்செயலாகக் கலைத்துவிட்டு மீண்டும் ஓட்டினால், கிடைப்பவை எல்லாம் பொய். அந்த எண்ணிக்கை நீங்கள் பாய்சான் கணக்கில் எதிர்பார்த்ததைவிடப் பத்து மடங்கு இருந்தால், பின்னணி வளையத்தையும் முயற்சி எண்ணிக்கையையும் மீண்டும் பாருங்கள்.

இவ்வளவும் தாண்டி ஒன்று நின்றால், நிகழ்வுப் பட்டியல், சில்லு ஆயத் தடம், ஒளி வளைவு, இணை தேடிய படங்கள், கழித்த சாத்தியங்கள் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் தொகுத்து, எக்ஸ் கதிர்த் தரவில் பழகிய ஒருவரிடம் காட்டுங்கள். பழைய ஒளிர்வுக்கு அவசர அறிவிப்பு தேவையில்லை. அது ஆய்வுக்கட்டுரைக்கு உரியது. கடந்த சில நாட்களுக்குள் நடந்ததாக இருந்தால் மட்டும், அன்றே ஜிசிஎன் சுற்றறிக்கையோ வானியலாளர் தந்தியோ அனுப்புவதில் பொருள் உண்டு. அதில் இடம், பிழை ஆரம், உலகப் பொது நேரத்தில் தொடக்கம், பாய்வு, ஆற்றல் எல்லை ஆகிய ஐந்தும் கட்டாயம் இருக்கட்டும். பிழை ஆரம் இல்லாத இடத்தை நோக்கி எந்தத் தொலைநோக்கியையும் யாரும் திருப்ப மாட்டார்கள்.